மூக்கக்காவின் வனிலா

படகுத்துறைக்குப் போகும் தெருவில் என் கடைக்கு அடுத்தது மூக்கக்காவின் கடை. தீவைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் யாருக்காவது எதையாவது வாங்கிக்கொண்டுதான் திரும்பப் படகேறுவார்கள். என்னிடம் தொப்பி, சிப்பி மாலை, தேங்காய் ஓட்டுக் கரண்டி. தொப்பிகளும் அவர்களைப் போலவே படகில் வந்து இறங்கியவைதான். அதை யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. அக்காவிடம் மிளகு, கிராம்பு எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலாக வனிலா. அது மட்டும் இந்த மண்ணில் விளைந்தது.

வனிலாக் காயைப் பச்சையாக முகர்ந்தால் ஒன்றுமே இருக்காது. வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்கவிட்டு, வாரக்கணக்கில் வெயிலிலும் நிழலிலும் காயவைத்தால்தான் கறுத்து மணக்கும். ஈரம் கொஞ்சம் தங்கினாலும் பூசணம் பிடிக்கும். ஒரு கெட்ட காய் போதும், பெட்டியே நாசம். கண்ணுக்குத் தெரியும் முன்பே அது அக்காவின் மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரே இழுப்பு, நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம், அவ்வளவுதான். பட்டப்பெயரில் அவளுக்குப் பெருமைதான். என் சோறு அடிப்பிடித்திருந்தால் டப்பாவைத் திறக்கும் முன்பே தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவாள். அது ஒன்றுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது.

மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்து எழுந்தாள். கடைக்கு வந்த அன்று என் சோறு கருகியே போயிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் உடம்பு தேறவில்லை போல என்று நானும் விட்டுவிட்டேன்.

சில நாள் கழித்து அவளே என்னைக் கடைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"எனக்கு வாசம், நாத்தம் எதுவுமே தெரியலடி."

"டாக்டர்கிட்ட போனீங்களா அக்கா?"

"போனேன். வரும்கிறாரு, வராமலும் போகலாம்கிறாரு. இதுக்கு எதுக்கு அவருகிட்ட போகணும்?"

"மாமாவுக்குத் தெரியுமா?"

"மூச்சு விடாத. அவருகிட்ட சொன்னா துறை முழுக்கத் தெரிஞ்சிடும்."

நான் மாமா என்று கூப்பிடும் அவள் வீட்டுக்காரர் படகு இயந்திரம் பழுது பார்ப்பவர். தங்கமான மனிதர், வாயில்தான் எதுவும் தங்காது.

அதன் பிறகு அக்கா நடிக்க ஆரம்பித்தாள். வாங்க வருபவரிடம் காயை நீட்டி, "நீங்களே மோந்து பாருங்க" என்பாள். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்துத் தரம் பிரிப்பாள். பெரிய நிபுணர்கள் ஆகிவிட்ட குஷியில் அவர்கள் இரண்டு கட்டு சேர்த்தே வாங்கினார்கள். எனக்குச் சிரிப்பு வரும். அவள் கண்ணைப் பார்த்தால் அடங்கிவிடும்.

அந்த நேரம் பார்த்துக் கடற்கரை விடுதிக்காரர்கள் வந்தார்கள். கிளம்பும் விருந்தாளி ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டு வனிலா, இனி எப்போதும் அக்கா கடையிலிருந்தே. முதல் பெட்டி குறையில்லாமல் இருந்தால்தான் மேற்கொண்டு என்றார்கள். அவள் வாயைத் திறக்கும் முன்பே மாமா சரியென்று தலையை ஆட்டிவிட்டார்.

"நீ மோந்து சொல்லுடி" என்று காய்களை என்னிடம் கொடுத்தாள். நாலு காய்க்கு மேல் எனக்கு எல்லாம் ஒரே வாசனை. கடைசியில் ஒவ்வொன்றையும் விரலால் வளைத்துப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கட்டிப் பெட்டியில் அடுக்கினாள். அப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"இதுல ஒண்ணு கெட்டுப் போனாலும் கடையை மூடிடுவேன். மூக்கு போனப்புறம் எனக்கு எதுக்கு இந்தத் தொழில்?"

சொன்னால் செய்கிற ஆள். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

விடுதி வண்டி வந்த காலையில், பெட்டியைக் கட்டும் முன் மேலே ஒரு மெழுகுத்தாள் விரிக்க மூடியைத் திறந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். மறுபடி குனிந்தாள். பிறகு கட்டுகளை மளமளவென்று விலக்கி அடியிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்தாள். ஒரு காயின் காம்போரம் மெல்லிய வெள்ளைப் படலம்.

"கெட்டுப்போச்சு" என்றாள். "கெட்டுப்போச்சுடி, நாறுது."

மாமாவுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "எல்லாமா?"

"இல்லைங்க, இதுதான். நனைஞ்ச சாக்கு மாதிரி என்னமா நாறுது பாருங்க." அதையே மூக்கோடு ஒட்டி இழுத்தாள். கண்ணீர் கொட்டியது, சிரிப்பும் நிற்கவில்லை. ஒன்றும் புரியாமல் மாமா என்னைப் பார்த்தார். வந்த நிம்மதியில் நானும் சிரித்துவிட்டேன்.

வண்டிக்காரரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, பெட்டியைக் கொட்டி ஒவ்வொரு காயாக முகர்ந்தாள். பக்கத்துக் கட்டுக்குள் இரண்டு காய்கள் கழிந்தன. மற்றதெல்லாம் சுத்தம். நல்ல காய் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டாள்.

வண்டி போனதும் நான் கழிவை அள்ளிக் குப்பையில் கொட்டப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து, அந்த வெள்ளை படிந்த காயை வாங்கிக்கொண்டாள்.

"இருடி, இன்னும் ஒரு தடவை."