அம்மா தரையில் படரவிட்ட மணி பிளான்ட்

எங்கள் அம்மா இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். "நீதான் படிச்சவன், நீயே எழுதிக் குடுத்துடு" என்று அப்பா சொல்லிவிட்டார். எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே விளங்காத ஒன்று குறுக்கே வந்து நின்றது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் ஐந்து பெண்களில் நான்காவதாகப் பிறந்தார். பள்ளி வாசலை மிதித்ததில்லை. கல்யாணமாகிப் பூந்தமல்லிக்கு வந்தார். அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. அது ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. அதனால் அம்மா காலை முதல் பஸ்ஸில் ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போய், ஓர் அதிகாரி வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, பாத்திரம் துலக்கி, மதியம் திரும்புவார். இருபது வருடம் அப்படித்தான் போனது.

நான் இரண்டாவது படிக்கும்போது பள்ளியிலிருந்து ஒரு துண்டு சாக்பீஸ் எடுத்து வந்துவிட்டேன். அம்மா என் காதைப் பிடித்து வெயிலில் திரும்ப நடத்திக் கூட்டிப்போய், டீச்சர் மேசையில் வைக்கச் சொன்னார். டீச்சர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லி வந்தேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருபுறம் மாமரம், மறுபுறம் பக்கத்து வீட்டு ஜமீலா அத்தையின் உயரமான சுவர். வெயில் எட்டிப் பார்க்காது. வெறும் களிமண். துணி துவைத்த தண்ணீர் ஓடி எப்போதும் வழுக்கும். ஒரு மழைநாளில் அம்மா வாளியோடு விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த மண்ணை மூடியே தீருவது என்று பிடிவாதமாக இருந்தார். கீரை விதைத்தார், வெளுத்து நூல்போல நீண்டு சாய்ந்தது. கனகாம்பரம் பூக்கவில்லை. புல் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

அம்மா வேலை பார்த்த அதிகாரி வீட்டு அம்மாவை நாங்கள் குவார்ட்டர்ஸ் அம்மா என்போம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "மணி பிளான்ட் நிழல்லயும் வருமே, வேணுங்கிறத வெட்டி எடுத்துட்டுப் போ" என்று ஒரு கட்டுக் கொடியே கொடுத்தனுப்பினார். அப்போது எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் பாட்டிலில் ஒரு மணி பிளான்ட் வைக்கும் ஆசை பிடித்திருந்தது. அம்மா அதைத் திண்டில் வைத்ததுமே ஜமீலா அத்தை வந்து பார்த்தார்.

"இன்னாம்மே, கேட்டு வாங்கினியா?"

"அவங்களா குடுத்தாங்கக்கா."

"அப்ப வராது. இத திருடிக்கினுதான் வரணும். அப்பதான் புடிக்கும்."

"போக்கா. செடிக்கு இன்னா தெரியும், யாரு குடுத்தா யாரு எடுத்தான்னு."

அம்மா நட்ட கொடிகள் இருபது நாளில் தண்டு கறுத்து அழுகின. களிமண்ணில் தண்ணீர் தேங்கியதுதான் காரணம் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு ஜமீலா அத்தை சொன்னதுதான் எல்லார் காதிலும் ஒலித்தது.

மறுபடி அம்மா நட்டார். இந்தமுறை மண்ணை மாற்றினார். வீடு கட்டுகிற இடத்தில் சொல்லிவிட்டு இரண்டு கூடை மணல் கொண்டுவந்தார். மாமரத்துச் சருகை ஒரு மூலையில் குவித்து மக்கவிட்டு, அதைக் கலந்து, தண்ணீர் வடிகிற மாதிரி சரிவாக்கினார். கொடியை நிற்கவைத்து நடாமல் நீளமாகப் படுக்கவைத்தார். ஒவ்வொரு கணுவையும் தன் கொண்டை ஊசியால் மண்ணோடு சேர்த்துக் குத்தினார். கணு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர் விட்டது. விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் இரண்டு கிளைத்தது. மாமரத்தில் ஏறப் பார்த்த கொடியைத் தினமும் இறக்கிவிட்டார். ஏறினால் மேலே இலை பெரிதாகும், கீழே தரை வெறுமையாகிவிடும். ஜமீலா அத்தைக்கு அதிலும் குறை.

"மேல ஏத்தி உட்டாத்தாண்டி குடும்பம் மேல வரும். நீ தரையில உட்டுக்கினுகீற."

"குடும்பம் மேல வர்றது கெடக்கட்டும். நான் கீழ உழாம இருந்தா போதும்."

இரண்டு வருடத்தில் மண் தெரியவில்லை. இலையிலிருந்த மஞ்சள் கோடுகள் நிழலில் மறைந்து முழுப் பச்சையாகிவிட்டன. கோடையிலும் அது வாடவில்லை. அம்மா அதற்குப் பிறகு அங்கே ஒருமுறையும் வழுக்கி விழவில்லை.

அப்புறம் தெருவே எங்கள் பின்வாசலுக்கு வர ஆரம்பித்தது, சொல்லாமல்தான். கேட்டு வாங்கினால் வராதே. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் நான் எழுந்து ஓடுவேன். அம்மா கையைப் பிடித்து இழுப்பார்.

"உள்ள ஒக்காரு. பாக்காத."

"எவனோ திருடறாம்மா."

"திருடட்டும். நீ பாத்தா அவங்களுக்கு வராது."

சொல்லிவிட்டு, துலக்கி வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி சத்தமாகத் துலக்குவார். சாக்பீஸுக்கு என்னை வெயிலில் நடக்கவைத்தவர் இவர்தானா என்று எனக்குக் குழப்பமாக இருக்கும்.

போன வருடம் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோரு நாள் இருந்தார். ஒன்பதாவது நாள் காலை நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, தானாகவே பேச்சை எடுத்தார்.

"பின்னால கீற அந்தப் பச்சை, குவார்ட்டர்ஸ் அம்மா குடுத்தது இல்லடா. அது மொத்தமும் அழுவிப்பூட்ச்சு."

"அப்ப இது ஏதும்மா?"

"ஜமீலாக்கா சுவத்து மேலேர்ந்து தொங்கிக்கினு இருந்துச்சு. ஒடச்சுக்கினேன்."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா வராதுன்னு அதுதான சொல்லிச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாரா, யாரிடமும் சொல்லாதே என்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் வந்துவிட்டார். பிறகு அம்மா அதைப் பற்றிப் பேசவேயில்லை.

இந்த மலரை அச்சடிக்கக் கொடுத்தபோது அச்சகத்துக்காரர் சில வாசகங்களைக் காட்டினார். அதில் ஒன்று, 'பிறர் பொருளைத் தொட்டறியாதவர்.' "இத போட்டுக்கலாமா தம்பி? எல்லாரும் போடறதுதான்" என்றார். நாளை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அந்த வரி உண்மையா பொய்யா? அப்பாவிடம் கேட்டேன். "செடிதானடா" என்றார். எனக்கு அது போதவில்லை. மறுநாள் ஜமீலா அத்தையிடமே போய், அம்மா சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன்.

அத்தை முதலில் சிரித்தார். பிறகு முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது எங்க ஊட்டுதுன்னு யாரு சொன்னா? அன்னிக்கு உங்கம்மா கட்டா கொண்டாந்து வெச்சா பாரு, அதுலேர்ந்து ரெண்டு குச்சிய முந்தானைல சொருவிக்கினு வந்தவ நானு."

"நீங்க திருடுனதா?"

"பின்ன? அதான் எனக்கு வந்துச்சு, அவளுக்கு அழுவிச்சு. பாக்கவே பாவமா இருந்துச்சு. கையில குடுத்தா அவளுக்கு வராதேன்னுதான் சுவத்து மேல எடுத்து உங்க பக்கம் தொங்க உட்டேன். எடுக்க மாட்டாளான்னு எத்தினி நாள் பாத்துக்கினு இருந்தேன் தெரியுமா?"

"அம்மாவுக்கு இது தெரியுமா அத்தை?"

"அதத்தான் நானும் உன்ன கேக்கலாம்னு இருந்தேன்."

அது யாருடைய கொடி என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். கொடுத்தது குவார்ட்டர்ஸ் அம்மா, முதலில் எடுத்தது அத்தை, அம்மா எடுக்கட்டும் என்று தொங்கவிட்டதும் அத்தையே. பன்னிரண்டு வருடப் படிப்பு எனக்கு இதில் உதவவில்லை. அந்த வாசகத்தை இந்த மலரில் நீங்கள் பார்க்க முடியாது. பொய் என்று நீக்கவில்லை. உண்மை என்று எழுதவும் எனக்குத் தெரியவில்லை.

அம்மாவின் கடைசி நாட்களில் வார்டில் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும், நினைத்த நேரத்தில் ஆட்டோ கொண்டுவந்து நிறுத்திய ஜமீலா அத்தையின் மகனுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் சோறு கொடுத்தனுப்பிய தெருவாருக்கும், திருத்தணியிலிருந்து வந்து உடனிருந்த பெரியம்மாக்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

நினைவு நாளன்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாமரத்தடியில் அம்மாவின் பச்சை இப்போது சுவர்வரை படர்ந்து கிடக்கிறது. அங்கங்கே துருப்பிடித்த கொண்டை ஊசி இருக்கும், கையைப் பார்த்து வைக்கவும். பின்வாசலுக்கு அன்று தாழ்ப்பாள் போட மாட்டோம். தயவுசெய்து யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். பந்தி முடிந்ததும் நான் உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பேன், கொஞ்சம் சத்தமாகவே.