மீன் தலை எந்தப் பக்கம்

தெற்கே அக்கபா சாலையில், ஹஸா என்ற ஊரைத் தாண்டி ஒரு மோட்டார் சைக்கிள்காரன் விழுந்து கிடக்கிறானாம் என்ற பேச்சு ஸர்காவுக்கு வந்து சேர்ந்தபோது முன்தர் கையைக் கழுவிவிட்டு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். பேச்சு பல வாய் மாறி வந்திருந்தது. பார்த்தவன் ஒரு டேங்கர் லாரி ஓட்டுநர். அவன் கதிரானாவில் டீ குடிக்க நிறுத்தியபோது சொல்லியிருக்கிறான். டீக்கடைக்காரன் அதை டயர்க்கடை அபூ ஸக்ருக்குப் போனில் சொன்னான். அபூ ஸக்ர் முன்தரை அழைத்தார்.

"சிவப்பு வண்டியாம்."

"ஆளு?"

"ஆளைப் பத்தி லாரிக்காரன் ஒண்ணும் சொல்லல. கூட்டம் இருந்துச்சாம், இவன் நிறுத்தாம வந்துட்டான். நம்ம பசங்க யாராச்சும் இன்னிக்கு அவ்வளவு தெற்கே போனாங்களா?"

"லுவய் போனான். அக்கபாவுக்கு."

"அவன் வண்டி ஆரஞ்சுல்ல?"

"சிவப்பு. வெயில்ல வெளுத்து அப்படி ஆயிடுச்சு."

"விடுப்பா. லாரிக்காரனுக்கு எல்லா வண்டியும் சிவப்புதான். அந்த ரோட்டுல வாரத்துக்கு ஒருத்தன் விழறான், அத்தனை பேரும் நம்மாளா?" என்று சொல்லி அபூ ஸக்ர் போனை வைத்தார்.

முன்தர் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். மோர்க் குழம்பில் ஊறிய ஆட்டிறைச்சி ஆறிக்கொண்டிருந்தது.

முன்தருக்கு ஐம்பத்திரண்டு வயது. செயற்கைப் பல் செய்வது தொழில். மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவதைப் பார்த்து, மெழுகிலும் பீங்கானிலும் பல் வார்த்துக் கொடுப்பார். ஒரு பல் மயிரிழை உயரமாக இருந்தாலும் போட்டவன் இரவெல்லாம் தாடையைப் பிடித்துக்கொண்டு கிடப்பான். ஆகவே அவர் கை நிதானமான கை. முகம் தெரியாதவர்களின் வாய்களோடு பகல் பூராவும் தனியே உட்கார்ந்திருப்பவருக்கு, மனிதர்களோடு பேசக் கிடைத்த ஒரே வழி மோட்டார் சைக்கிள்தான்.

அதுவும் தற்செயலாக வந்ததே. பழைய வண்டி ஒன்றை வாங்கி முதல் மாதமே மஃப்ரக் சாலையில் நின்றுபோனார். என்ன செய்வதென்று தெரியாமல் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக்குப் பின்னால் தரையில் வைத்துவிட்டு நிழல் தேடி உட்கார்ந்தார். அடுத்து வந்த மோட்டார் சைக்கிள் நின்றது. அதற்கு அடுத்து வந்ததும் நின்றது. தரையில் ஹெல்மெட் இருந்தால் உதவி வேண்டும் என்று பொருள் என்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வந்தவர்களில் ஒருவர் அபூ ஸக்ர். கார்புரேட்டரைக் கழற்றிக் கொண்டே, "பல்லு கட்டறவரா? அப்ப எங்களுக்கு ஒரு ஹகீம் கிடைச்சாச்சு" என்றார். ஹகீம் என்றால் மருத்துவர். அந்தப் பெயர் நின்றுவிட்டது. மருத்துவப் படிப்பு வாசலைக்கூட மிதிக்காத முன்தர், ஸர்காவிலிருந்து அம்மான்வரை இரு சக்கரத்தில் போகும் எல்லோருக்கும் ஹகீம்.

உதிரி பாகங்கள் எளிதில் கிடைக்காத ஊர். ஒருவன் கழற்றிப் போட்ட பிரேக் கேபிள் இன்னொருவன் வண்டியில் இரண்டு வருடம் ஓடும். யாருக்கு என்ன வேண்டும் என்று முன்தரின் தோல் சுருளுக்குத் தெரியும். ஸ்பேனர், கம்பி, ஃப்யூஸ், செயின் லாக் எல்லாம் அதில் இருக்கும். வெள்ளிக்கிழமைக் காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து கதிரானாவரை போய் டீ குடித்துத் திரும்புவார்கள். வழியில் எந்த வண்டி இருமினாலும் அவர் இறங்குவார். மகன் கைஸ் ஜெர்மனிக்குப் போன பிறகு இது இன்னும் கூடியது. அந்தப் பையன் வாரம் ஒரு முறை பேசுவான், உடம்பு எப்படி என்று கேட்பான், வைத்துவிடுவான். லுவயோ ஸைலன்ஸர் சத்தம் மாறினால்கூட அவரைத்தான் கூப்பிடுவான்.

இந்தக் கூட்டத்தில் யாரும் எழுதி வைக்காத ஒரு மரியாதை உண்டு. ஒருவர் உன் வண்டியில் கை வைத்து வேலை பார்த்தால், அவர் எதிரில் அந்த இடத்தை நீ திரும்பக் குனிந்து பார்க்கக் கூடாது. பார்த்தால், உன் கையை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒருவன், அபூ ஸக்ர் முடுக்கிய அச்சு நட்டைத் தன் ஸ்பேனரால் மறுபடி முடுக்கிப் பார்த்தான். "ஏன், நான் நோன்புல இருக்கேன்னு நெனச்சியா, கையில தெம்பில்லன்னு?" என்று அபூ ஸக்ர் கேட்டுவிட்டு அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. அவன் பிறகு வரவேயில்லை.

அன்று காலை கதிரானாவில் டீ குடித்ததும் எல்லோரும் திரும்பினார்கள். லுவய் மட்டும் தெற்கே போனான். மறுநாள் அக்கபாவில் தங்கைக்கு நிச்சயம். வண்டியின் இடது பக்கத்தில் பெரிய கம்பளி விரிப்பு ஒன்றைச் சுருட்டிக் கட்டியிருந்தான். முன்தர் அவனோடு கொஞ்ச தூரம் போய் வழியனுப்பிவிட்டு வரலாம் என்று கிளம்பினார். அது அவருடைய வழக்கம். அடுத்த வளைவுக்கு அப்பால் பார்த்தால், சாலையோரம் லுவயின் வண்டி. பின்னால் தரையில் ஹெல்மெட்.

"நான்தான் பின்னாலயே வர்றேனே, ஹெல்மெட் யாருக்குடா வச்சே?"

"உங்களுக்குத்தான் ஹகீம். ஃபீஸ் கேப்பீங்களோன்னு முறையா வச்சேன்."

செயின் கழன்று கீழே தொங்கியது. லாக் எங்கோ விழுந்துவிட்டது. வேகம் எடுக்குமுன் போனதால் ஆள் பிழைத்தான். ஓடும்போது கழன்றால் செயின் முன் பல்சக்கரத்தில் சுருண்டு சிக்கிப் பின் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துவிடும். அதன் பிறகு வண்டி யார் பேச்சையும் கேட்காது.

முன்தர் சுருளை விரித்துப் புதிய லாக் எடுத்தார். செயினின் இரு முனைகளையும் சேர்த்து, மேலே ஒரு சிறிய கிளிப்பைச் செருக வேண்டும். மீன் போல இருக்கும். ஒரு முனை மூடிய தலை, மறு முனை பிளந்த வால். செயின் ஓடும் திசையில் தலை இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால், எதிலாவது ஒரு தட்டுப் பட்டாலும் வால் விரிந்து கிளிப் கழன்றுவிடும். வழக்கமாக முன்தர் செயினைப் பின் பல்சக்கரத்தின்மேல் ஏற்றிவைத்துத்தான் செருகுவார். அந்த இடத்தை விரிப்பு மறைத்திருந்தது. லுவய் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

"விடு விடு. ராத்திரி பூரா உங்கம்மா கட்டின கட்டு போல இருக்கு. நான் இப்படியே போட்டுடறேன்."

காற்று மணலை வாரி அடித்தது. அவர் வேலையை முடித்து எழுந்ததும் லுவய் சக்கரத்தின் பக்கம் தலையைத் திருப்பினான், பிறகு சட்டென்று நிமிர்ந்து ஹெல்மெட்டை எடுத்தான்.

"ஓடுமா ஹகீம்?"

"உன் தங்கை பேரப்பிள்ளை எடுக்கிற வரைக்கும் ஓடும். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடு."

லுவய் சிரித்துக்கொண்டே போனான்.

தட்டு இன்னும் தொடாமலேயே இருந்தது. "சாப்பிடலையா?" என்றாள் மனைவி இன்திஸார். அவள் முன்தரின் தோல் ஜாக்கெட்டைப் பால்கனிக் கம்பியில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகன் பெயரை வைத்து, அபூ கைஸ், கைஸின் அப்பா, என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். "யாரு போன்ல?"

"அபூ ஸக்ர். சும்மா."

"சும்மா பேசற முகமா இது? சரி, இதென்ன அபூ கைஸ், ஜாக்கெட் ஒரு பக்கம் மட்டும் மண்ணு? இந்தத் தோள்லயும் கையிலயும் அப்பிக் கிடக்கு. விழுந்தீங்களா? மறைக்காதீங்க."

"விழல. படுத்திருந்தேன்."

"ரோட்டுலயா? எதுக்கு?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். ஜாக்கெட்டின் மண் படிந்த தோளில் பார்வை நின்றது.

படுத்திருந்தேன். தரையில் ஒருக்களித்துப் படுத்து, காதுக்குள் மணல் போக, செயினின் கீழ்ப் பக்கத்தில் வேலை பார்த்திருக்கிறார். மேல் பக்கத்தில் செருகுவதானால் படுத்திருக்கத் தேவையே இல்லை, குந்தினால் போதும். மேல் பக்கத்தில் செயின் வண்டியோடு முன்னால் ஓடும். கீழ்ப் பக்கத்தில் அதே செயின் பின்னால் ஓடும். அங்கே மீன் தலை பின்னால் பார்க்க வேண்டும்.

முன்தர் கண்ணை மூடிக்கொண்டு விரல்களைக் கேட்டார். கட்டை விரல் கிளிப்பை எந்தப் பக்கம் தள்ளியது? முன்னால் தள்ளியது. இருபது வருடமாகத் தள்ளுகிற பக்கம். க்ளிக் என்று உட்கார்ந்தது. மாற்றிப் போட்டாலும் அதே க்ளிக்தான்.

"எழுந்து எங்க போறீங்க? கைகூட வைக்கலையே."

"அபூ ஸக்ர் கடைக்கு."

படியிறங்கும்போதே லுவயின் எண்ணை அழைத்தார். மணி அடித்தது. எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான். எடுக்கக் கூடாது என்று காதைத் திருகாத குறையாகச் சொல்லிக் கொடுத்தவரே முன்தர்தான்.

அபூ ஸக்ரின் கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது. உள்ளே டயர் அடுக்கின்மேல் காப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு அவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வேற ஏதாச்சும் சேதி?"

"ஒண்ணுமில்ல. அந்த லாரிக்காரனும் அம்மான் பக்கம் போயிட்டானாம். உக்காரு, காப்பி ஊத்தறேன்."

"லுவய் வண்டிக்குச் செயின் லாக்கை நான்தான் போட்டேன், அபூ ஸக்ர். கீழ்ப் பக்கமா."

அபூ ஸக்ர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. "சரி. போட்டே. அதுக்கென்ன?"

"தலை முன்னால பாத்துப் போட்டேன்."

காப்பி கோப்பையின் விளிம்பில் நின்றது. அபூ ஸக்ர் பாத்திரத்தைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிய நேரம் ஆகவில்லை.

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா? கண்ணால பாத்தியா?"

"படுத்திருந்தேன். மண்ணு அடிச்சுது. கையாலதான் போட்டேன்."

"அப்ப தெரியாதுல்ல. உன் கை தப்புற கையா? ஊர்ல பாதிப் பேர் உன் பல்லை வச்சுத்தான் மெல்றாங்க."

"அவனும் இப்படித்தான் நெனச்சிருப்பான். ஒரு தரம் திரும்பினான், பாக்க. அப்புறம் பாக்காம விட்டுட்டான். ஒரு வார்த்தை, பாருடான்னு நான் சொல்லியிருக்கலாம்."

"நாம யாரும் சொல்றதில்லையே."

"ஆமா. சொல்றதில்ல."

வெளியே ஒரு ஸ்கூட்டர் போயிற்று. இருவரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

"மான் ஊரு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிப் பாக்கட்டுமா?" என்றார் அபூ ஸக்ர். "என் மச்சினன் மகன் அந்த ஊர்லதான் இருக்கான்."

"பண்ணு. நான் லுவயைக் கூப்பிடறேன்."

முன்தர் கடைக்கு வெளியே வந்து சுவரோரம் நின்றார். விழுந்தவன் லுவயாக இருந்தால் இனி இந்த அழைப்பால் ஆகப் போவது ஒன்றுமில்லை. விழுந்தவன் வேறு யாரோ என்றால், லுவய் இந்த நேரம் ராஸ் அந்-நகப் மலை இறக்கத்தை நெருங்கிக்கொண்டிருப்பான், இடது பக்கம் கம்பளி விரிப்பு, கீழே அந்தக் கிளிப். போனை எடுத்தால் அவன் நின்றிருக்கிறான் என்று அர்த்தம். எடுக்காவிட்டால் ஓடிக்கொண்டிருக்கிறான். அல்லது கிடக்கிறான். எடுத்தால் என்ன சொல்வது என்று முன்தர் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தார். நிறுத்துடா. இறங்கிக் குனிஞ்சு பாரு. நான் போட்டதை நம்பாதே. இந்த வார்த்தையை இந்தக் கூட்டத்தில் எவனும் எவனிடமும் சொன்னதில்லை.

உள்ளே அபூ ஸக்ர் யாரிடமோ உரக்கக் கேட்டார். "சிவப்பா? இல்ல, வண்டிய விடு, ஆளு பேரு என்ன?" பிறகு குரல் தாழ்ந்துவிட்டது.

முன்தர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. மறுபடி எண்ணை அழுத்திப் போனைக் காதில் வைத்தார். காதுக்குள் காலை மணல் இன்னும் நறநறத்தது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.