கைலேஞ்சியில் முடிந்த மாத்திரைகள்

நானும் மாசமாக இருந்தபோது, கண்டியில் கர்ப்பிணிகளுக்கான கிளினிக் ஒன்றில்தான் அவளைப் பார்த்தேன். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண், ஒடிசலான உடம்பு. வாங்குப் பலகையில் உட்கார்ந்து கைலேஞ்சி என்கிற கைக்குட்டையின் முனையை முடிவதும் அவிழ்ப்பதுமாகவே இருப்பாள்.

இரண்டு கரு கலைந்து இது மூன்றாவது. அவளுக்குச் சிங்களம் தெரியாது என்பதால் டாக்டர் நீளமாக விளக்கியதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லத் தொடங்குவதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். "சில பேருக்கு அவங்க எதிர்ப்புச் சக்தியே புள்ளைக்கு எதிரியாயிருமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

அடுத்த மாதம், டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள் இன்னும் மெலிந்திருந்தாள். கைலேஞ்சியை அவிழ்த்துக் காட்டினாள். கிளினிக்கில் கொடுத்த சத்து மாத்திரை அத்தனையும் அதில் இருந்தது.

"ஒன்னும் போடலக்கா. சாப்பாட்டையும் கொறச்சிட்டேன். எனக்குச் சக்தி இல்லாட்டி அது புள்ளைய ஒன்னும் செய்யாதுல்ல?"

டாக்டர் விளக்கியதில் அன்று நான் சொல்லாமல் விட்டதை எல்லாம் சொன்னேன். பிள்ளைக்கு ரத்தம் போகும் குழாய்களை அகலமாக்குவதே கருப்பையில் கூடும் அந்த எதிர்ப்புச் சக்தி அணுக்கள்தான். பிரசவத்துக்குக் கருப்பை வாய் இளகவும் அவை உதவும். முன்பு கலைந்ததற்குக் காரணம் டாக்டருக்கே உறுதியாகத் தெரியாது. மாத்திரையையும் சாப்பாட்டையும் மட்டும் விடக் கூடாது.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"இது நெசமா டாக்டர் சொன்னதாக்கா, இல்ல எனக்காக நீங்க சொல்றதா?"

"டாக்டர் சொன்னதுதான்" என்றேன்.

தலையாட்டிவிட்டு மாத்திரைகளை மறுபடி முடிந்துகொண்டாள். அவளைத் திரும்ப உள்ளே கூட்டிப்போய் டாக்டரிடமே கேட்க வைத்திருக்கலாம். அன்று அரைகுறையாகச் சொன்ன என் தப்பு தெரிந்துவிடும் என்றுதான் போகவில்லை.