அரிசி டிரம்மில் இருந்த சாவி

புதன்கிழமை காலை ஏழு ஐம்பத்திரண்டு. ரயில் பொன்னேரியைத் தாண்டிவிட்டது, கவரைப்பேட்டை இன்னும் வரவில்லை. பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அக்கா கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உன் பொண்ணு உன்னத் தூக்கி சாப்ட்டாம்மா."

பாராட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு எனக்குள் ஏதோ கெட்டுப்போனது.

அக்கா ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். நான் ஒரு ஸ்டீல் கம்பெனியின் டைம் ஆபீசில். இருவரும் மீஞ்சூரில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்குகிறோம். அக்காவுக்கு நல்ல குரல். கதைச் செயலியில் வரும் தொடர்களை அவர் உரக்கப் படிப்பார். நாங்கள் பூ கட்டிக்கொண்டோ இட்லியைப் பிட்டுக்கொண்டோ கேட்போம். பொன்னேரியில் ஏறும் பழவேற்காட்டு நண்டுக்காரம்மா, கூடையைக் கதவோரம் இறக்கி வைத்துவிட்டு, கதை எதுவரை வந்தது என்றுதான் முதலில் கேட்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் அந்தப் பெட்டியில் படிக்கப்பட்டது என் நாவல். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு பழைய மாடி வீடு, அதில் மூன்று தலைமுறை. மாடியில் ஓர் அறை பூட்டியே கிடக்கும். அமாவாசைதோறும் அதன் கதவுக்கு அடியிலிருந்து உப்புத் தண்ணீர் கசியும். அந்த வீட்டுக்கு வாழவந்த மருமகள்கள் ஒவ்வொருவருக்கும் ஒருநாள் பேச்சு நின்றுபோகும். அறையைப் பூட்டியது யார் என்பதை நான் கடைசிவரை சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், சொல்லாமல் விடுவதில்தான் பயம் இருக்கிறது என்று பதில் எழுதினேன். உண்மை வேறு. பூட்டியது யார் என்று எனக்கே தெரியாது.

என் மகள் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். இந்த வருடம் ஒருநாள், உன் கதைக்கு முன்கதை எழுதட்டுமா என்று கேட்டாள். தாராளமாக எழுது என்றேன். அவளால் என் நாவலுக்கு இன்னும் நாலு பேர் வருவார்கள் என்று நினைத்தேன்.

அவள் பூட்டியவளைக் கண்டுபிடித்துவிட்டாள். ஊரில் காலரா. பெண்ணுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று அம்மாவே அவளை மாடியறையில் வைத்துப் பூட்டுகிறாள். இரண்டே நாள் என்றுதான் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். காலரா ஓய்ந்த பிறகு புயல் வருகிறது. புயலுக்குப் பிறகு, ஊரில் அந்நிய ஆட்கள் நடமாட்டம். தினமும் கதவுக்கு அடியில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு அம்மா சொல்கிறாள்: "இன்னும் ஒரு நாள், கண்ணு."

புதன்கிழமை அக்கா கண்ணைத் துடைத்தது அந்த வரிக்குத்தான். "எங்கம்மாவும் இப்படித்தான்" என்று யாரோ சொன்னார்கள். பெட்டியில் பாதிப் பேர் அதையே சொன்னார்கள். நண்டுக்காரம்மா என்னைப் பார்த்து, உன் கதையில் பயம்தான் இருந்தது, இதில் பாவமும் இருக்கிறது என்றார்.

அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டுக்குக் கீழே கைப்பேசியை வைத்துக்கொண்டு கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். முன்கதை படித்த பிறகுதான் முதல் கதையே புரிந்தது என்று ஒருவர். முதல் கதை இப்போது இதற்கு அடிக்குறிப்பு மாதிரி இருக்கிறது என்று இன்னொருவர். "உங்களைப் போல் வேறு யாரும் எழுதுவதில்லை" என்று ஒரு பெண்மணி. மூன்று வருடங்களுக்கு முன் இதே பெண்மணி இதே வாக்கியத்தை எனக்கு எழுதியிருந்தார். அதைப் படம் பிடித்து இன்னும் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எனக்குப் போட்டிருந்த ஆச்சரியக்குறி மகளுக்கு இல்லை என்பதில் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அந்த அளவுக்கு இறங்கிவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. போன வருடம் மகளுக்குப் புனேயில் நல்ல வேலை கிடைத்தது. இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றேன். அதற்கு முந்தைய வருடமும் அதையேதான் சொன்னேன். கம்பெனி பஸ்ஸில் ஏறினால் அவள் எனக்கு ஒரு போன் செய்ய வேண்டும், இறங்கினால் ஒரு போன். இதையெல்லாம் பார்த்துத்தான் அவள் எழுதியிருக்கிறாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசித்தேன். யோசித்ததும் கோபம் கூடியது.

சாப்பாட்டு இடைவேளையில் 'ஒரு வாசகி' என்று புதுக் கணக்கு ஒன்று தொடங்கினேன். ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். நடை பலவீனம், கதை இரவல் என்று எழுதினேன். அதோடு விடவில்லை. "ஒரு தாய் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஊரெல்லாம் திரிவாளா? அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைப்பாள். இதுகூடத் தெரியாதவர் எழுத வந்துவிட்டார்." அனுப்பியதும் தயிர்சாதம் நன்றாக இறங்கியது.

அந்த டிரம் என் நாவலில் கிடையாது. அது இருந்தது வேறோர் இடத்தில். மகளுக்கு நாலு வயது. ஒரு வாய் சோறு உள்ளே போவதற்குள் உயிர் போய்விடும். அதற்காக நான் கட்டிய கதைதான் அந்தப் பூட்டிய வீடு. சாவி எங்கே என்று கேட்பாள். அரிசி டிரம்மில் என்பேன். ஓடிப்போய் எங்கள் வீட்டு நீல பிளாஸ்டிக் டிரம்மில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிவிட்டு, சாவி இல்லையே என்று திரும்பி வருவாள். அதைச் சொல்ல வாயைத் திறக்கும்போது ஒரு கவளம் உள்ளே போய்விடும். பின்னால் நாவலாக எழுதியபோது, நூறு வருடத்துக்கு முந்தைய வீட்டில் டிரம் ஏது என்று அதை விட்டுவிட்டேன். சாவி அங்கே இருந்தது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அன்று மாலை மகள் வந்தாள். சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். அரிசி இருக்கிறது, போன வாரம்தான் வாங்கினோம் என்றேன். மூடினாள்.

மறுநாள் அவள் வீடு திரும்பவில்லை. ஆறரை மணிக்கு ஒரு செய்தி வந்தது. எளாவூரில் தோழியின் அறையில் இருக்கிறாளாம். போன் பண்ண வேண்டாமாம். செயலியைத் திறந்தேன். கடைசி அத்தியாயம் வராது என்று ஒரு வரி போட்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு டிரம் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை ரயிலில் 'ஒரு வாசகி'க்கு அர்ச்சனை நடந்தது. பெற்றவளுக்கு எவ்வளவு வேதனையாக இருக்கும் என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பெட்டியே என்னைத் தேற்றியது.

"டிரம்மாம், டிரம்மு" என்றார் நண்டுக்காரம்மா. "எங்க ஆயா காலத்துலயே டிரம்மு கெடயாது. இந்தப் பொம்பளைக்கி இன்னா தெரியும்?"

"தெரியாதவ இல்ல, இது வயித்தெரிச்சலு" என்றார் அக்கா. "கூடப் படிச்சவ எவளோதான். பொறாமை புடிச்சிக்கினு எழுதிக்கீறா. நீ இன்னா சொல்ற?"

இருக்கலாம் என்றேன்.

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் எளாவூர் பஸ்ஸில் ஏறினேன். சோதனைச்சாவடியில் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய வரை லாரிகள். தோழியின் வீடு எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. அவள் பேர் தெரியும், சாப்பாட்டில் கத்தரிக்காய் சேர்க்க மாட்டாள் என்பது தெரியும். அதை வைத்துக்கொண்டு யாரிடம் விசாரிப்பது? ஒரு டீக்கடை ஓரமாக நின்றேன். சாலையைக் கடக்கும் பெண்பிள்ளைகளை எல்லாம் உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு லாரியும் உறுமிக் கிளம்பும்போது என் பெண்ணை இடித்துவிட்டதாகவே பட்டது. இருட்டுவதற்குள் திரும்பிவிட்டேன். அவளாக வருவாள், நீ துரத்தாதே என்றார் என் கணவர். நான் செய்ததை அவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

சனிக்கிழமை அந்தக் கருத்தை நீக்கிவிடலாம் என்று செயலியைத் திறந்தேன். நீக்கினால் யாருக்கும் தெரியாது, அவளைத் தவிர. விரல் அங்கேயே நின்றது. பிறகு என் சொந்தக் கணக்கில், மூன்று வருடமாக வாசகர்களுக்குத் தெரிந்த என் புனைபெயரில், அதற்குக் கீழேயே எழுதினேன்: "இதை எழுதியது நான்தான். இவளுடைய அம்மா. பொறாமையில் எழுதினேன்."

கால் மணி நேரம் கழித்து அக்காவின் அழைப்பு வந்தது. எடுத்ததும் "அடிப்பாவி" என்றார். "நேத்து என் கையப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தியேம்மா." வைத்துவிட்டார். கருத்துப் பகுதியை அதன்பிறகு நான் திறக்கவில்லை. மகளுக்குப் போன் செய்ய நாலைந்து தரம் எடுத்தேன். செய்யவில்லை. அவள் எங்கே, என்ன செய்கிறாள் என்று தேடாமலும் கேட்காமலும் நான் இருந்த முதல் நாள் அதுதான்.

ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். சோற்றுக்கு அரிசி எடுக்க டிரம் முன்னால் குனிந்திருந்தேன். இரும்புக் கதவு கிறீச்சிட்டது. மகள். தோளில் கம்பெனிப் பை, போனபோது போட்டிருந்த அதே சுடிதாரைத் துவைத்துப் போட்டிருந்தாள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள். என் கையிலிருந்த படியை வாங்கி அரிசியில் செருகினாள்.

"நாஷ்டா இருக்குதா?"

தோசை வார்க்கிறேன் என்றேன். அடுப்பைப் பற்றவைக்க இரண்டு தரம் முயன்றேன்.

"அந்தக் கமெண்ட்ட அழிச்சிடாத" என்றாள். "கடைசி அத்தியாயம் எழுதிட்டேன். அதுல அந்த அம்மா சாவிய எடுத்துக் குடுத்துட்றா. பொண்ணு புனேவுக்குப் போவுது." கொஞ்சம் நிறுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கதையில புனே இல்ல. கதையில கப்பல்."

நான் கல்லில் மாவை ஊற்றினேன்.

"நீ எழுதுனதுல சாவி மட்டும் நெஜம்மா. அது இடுப்புல இருந்தது என் தப்பு, நான் மறந்துட்டேன். மத்ததெல்லாம் உன் வயித்தெரிச்சல். சாவிய உள்ள போட்டுட்டேன். டிரம்முன்னு போடல, பானைன்னு போட்டுக்கீறேன்."