வாலோடு கிடைத்த புழு

எத்தாளையைச் சேர்ந்த ஸபீனா கடற்புழுக்களை ஆராய்பவள். உடலோரம் முழுக்கச் சுணை முளைத்த ஒரு புழு கடல்நீர் தேங்கும் களப்பின் சேற்றில் வாழ்கிறது. இழுத்தால் அறுந்துவிடும். நூறு வருடங்களுக்கு முன் அதைப் பற்றி எழுதியவருக்கு அறுந்த புழுதான் கிடைத்தது; வாலை ஊகித்து எழுதிவிட்டார்.

2014இல் ஸபீனா சேற்றைக் கட்டியாகவே வெட்டியெடுத்துக் கடல்நீரில் மெல்லக் கரைத்தாள். முழுப்புழு வந்தது. வாலில் இரண்டு இழைகள் என்று அவர் எழுதியிருந்தார், நான்கு இருந்தன.

அவள் நானா என்றழைக்கும், மீன்பிடிக்கும் அண்ணன் நௌஃபர் எட்டிப் பார்த்தார். "தூண்டில்ல குத்துற புழுதானே. புதுப் பேர் வைக்கப் போறியா?"

"பேர் பழசுதான், நானா. எழுதினதுதான் பிழை. நான் திருத்தி எழுதுறன்."

"ஒத்துக்குவாங்களா?"

"ஓம். புழுவே கையில இருக்குதே."

அடுத்த வருடம் அவள் எழுதியது அச்சாகி வந்தது. நௌஃபர் அதிலிருந்த புழுவின் படத்தைக் கரையில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார்.