ஒரு செமஸ்டரில் ஐந்து காய்ச்சல்

செங்கல்பட்டில் நான் வேதியியல் படித்த கல்லூரியில் எழுபத்தைந்து சதவீத வருகை இல்லையென்றால் ஹால் டிக்கெட் கிடையாது. இரண்டாம் ஆண்டில் எனக்கு இருந்தது எழுபத்தொன்று. பஸ் தாமதத்தில் போன முதல் வகுப்புகள் பாதி. அதற்கு மேல், மாதத்தில் இரண்டு நாள் என் ஊர் படாளத்தில் பஸ் ஏறவே முடியாது.

அந்த நாட்களிலும் சிலமுறை ஏறியதுண்டு. ஒருமுறை ஆய்வகத்தில் ப்யூரெட்டைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். அடிவயிறு இழுத்துப் பிடித்தது. குனிந்து நிமிர்வதற்குள் கரைசல், நிறுத்த வேண்டிய வெளிர் ரோஜா நிறத்தைத் தாண்டி அடர்ந்துவிட்டது. மூன்று முறை செய்தேன், மூன்று அளவும் மூன்று விதம். ரெக்கார்டில் ‘கவனம் போதாது’ என்று சிவப்பு மையில் எழுதினார்கள்.

விடுப்புக் கடிதத்தில் யாரும் மாதவிடாய் என்று எழுதுவதில்லை. காய்ச்சல் என்று எழுதுவோம். சீனியர்கள் சொல்லிக்கொடுத்த வழக்கம். “அவளுக்குக் காய்ச்சல்” என்றால் நாங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை, வலி மாத்திரையை நீட்டுவோம்.

வருகைக் குறைவுக்கு விளக்கம் கேட்ட அன்று துறைத்தலைவர் அம்மா என் கடிதங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

“ஒரு செமஸ்டர்ல அஞ்சு காய்ச்சல். டெங்குவா, மலேரியாவா? பிளட் டெஸ்ட் ரிப்போர்ட் கொண்டா, கையெழுத்துப் போடறேன்.”

ரிப்போர்ட் ஏது? அங்கேயே நின்று புதுக் கடிதம் எழுதினேன். ‘மாதவிடாய் வலி காரணமாக’ என்று தொடங்கி, பத்துத் தேதிகளையும் போட்டேன்.

படித்துவிட்டுக் கதவைப் பார்த்தார். குரல் இறங்கியது. “பிரின்சிபால் சார் டேபிளுக்குப் போற லெட்டர்மா இது. காய்ச்சல்னே எழுதிக் குடு. ரிப்போர்ட் வேணாம், விடு.”

“பொய் எழுதினா ரிப்போர்ட் வேணாம். உண்மைய எழுதினா கையெழுத்து இல்லையா மேடம்?”

“வாய் ஜாஸ்தி உனக்கு.” கையெழுத்துப் போட்டார். “நீயே கொண்டுபோய்க் குடு. நான் அனுப்ப மாட்டேன்.”

கல்பாக்கத்திலிருந்து வரும் தோழி கூட வந்தாள். அவளுக்கும் வருகை குறைவு. அவள் கடிதத்தில் காய்ச்சல்தான் இருந்தது, அதற்கு முந்தின நாளே கையெழுத்தும் கிடைத்திருந்தது. அலுவலக வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பையன்கள், பஸ் பாஸுக்காக. குமாஸ்தா என் கடிதத்தைப் பிரித்து, பழக்கத்தில் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். மாதவிடாய் என்ற சொல்லில் நின்றார்.

“இன்னாம்மா இது? இதெல்லாம் போயி எழுதிகினு…”

பின்னால் ஒருவன் சிரித்தான். “படிண்ணா, படி!”

“முழுசா படிங்கண்ணா,” என்றேன் நான். “பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல.”

சிரிப்பு நின்றது. அவர் முத்திரை குத்தி, கடிதத்தைத் தட்டில் கவிழ்த்து வைத்தார். நான் கைநீட்டி அதை நிமிர்த்தி வைத்தேன். திரும்பிப் பார்த்தால், தோழி கவுண்டர் விளிம்பில் தன் கடிதத்தை வைத்து, காய்ச்சலை அடித்துவிட்டு மேலே எழுதிக்கொண்டிருந்தாள்.

ஹால் டிக்கெட் இருவருக்கும் வந்தது. முதல் தேர்வு எனக்கு மாதவிடாயின் இரண்டாம் நாளில் விழுந்தது. மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மேஜையில் நெற்றியை வைத்துக் கிடந்தேன். விடை தெரிந்த இரண்டு பெரிய கேள்விகளைத் தொடவே இல்லை. ஐம்பத்து மூன்று மதிப்பெண், தேர்ச்சி. இப்போது வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் அந்தத் தாளின் மதிப்பெண்ணைக் காட்டி “ஏன் இதில் மட்டும் குறைவு?” என்று கேட்கிறார்கள். காரணத்தை, அதன் பெயரைச் சொல்லியே, பதிலாகச் சொல்கிறேன். கேட்டவர்கள்தான் அடுத்த கேள்விக்கு அவசரமாகத் தாவுகிறார்கள்.