களவானை நாகமர இலைகளும் ஒரு சோதனைச் சாவடியும்

மழைக்காட்டுக்குப் போய்வந்த விபரம் எழுதுங்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். ஆனால் அருவியையும் மூடுபனியையும் வர்ணிக்கும் மனநிலையில் நான் இல்லை. போய்வந்து ஒரு மாதமாகிறது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நான் கொழும்பு, கொட்டாஞ்சேனைக்காரி. ஓர் ஆய்வுகூடத்தில் நாகமரத்தின் மரபணுக்களை ஆராய்வது என் வேலை. அதே ஆய்வுகூடத்தில் என்னோடு வேலைசெய்பவர் சிவகரன். வடக்கே சாவகச்சேரியில் பிறந்தவர், இப்போது வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம்.

நாகமரம் உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தம், குருத்து விடும் காலத்தில் மரமே சிவந்து நிற்கும். சிங்களத்தில் நா. இந்த நாட்டின் தேசிய மரம். இந்தியா, பர்மா, மலாயா என்று மழை பெய்யும் தேசமெல்லாம் பரந்து கிடக்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே அப்படி இல்லை. பூமி குளிர்ந்து வறண்ட பழைய காலங்களில் மழைக்காடு சுருங்கி, ஈரம் மிஞ்சிய சில மூலைகளில் மட்டும் பிழைத்துக் கிடந்திருக்கலாம் என்பார்கள். அப்படி ஒதுங்கிய மரங்கள் தனித்தனியே மாறி, மழை திரும்பியதும் பரவியிருக்கும். எந்த இடத்து மரங்களுக்குள் மரபணு வேற்றுமை கூடுதலோ, அங்கே அவை நெடுங்காலம் நின்றிருக்கின்றன என்று ஊகிக்க இடமுண்டு. ஆகவே எங்களுக்கு இலை முக்கியம், அது எந்த மரத்தில் பறித்தது என்பது அதைவிட முக்கியம்.

களவானைப் பக்கம் ஒரு மலைமுகட்டில், தனியார் காணி ஒன்றில், பழைய நாகமரங்கள் நின்றன. காணிக்காரர் தேயிலை போடப்போகிறார். "மாசக் கடைசியில் வெட்டு, அதற்கு முன் வந்து வேண்டியதை எடுங்கள்" என்று மரியாதையாகவே சொன்னார். அதனால்தான் இந்த அவசரம். போகிற வழியில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரத்தினபுரிக்கு அருகே ஓர் ஆற்றோரக் காட்டிலும் இலை எடுக்க அனுமதி வாங்கியிருந்தோம், ஒரே ஒரு நாளுக்கு.

சண்டை நடக்கும் இந்த 2007இல் தமிழர் பயணம் போவதென்றால் சாப்பாடு கட்டுவது இரண்டாம் வேலை. முதலில் ஐ.சி. என்கிற அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, வேலையிடத்துக் கடிதம், அதுவும் சிங்களத்தில். ஜி.பி.எஸ். கருவியை ஆய்வுகூடத்திலேயே பூட்டி வைத்தோம். அதோடு பிடிபட்டால் மரம் பார்க்கத்தான் போனோம் என்பதை யாருக்கு விளங்கப்படுத்துவது? உலகத்தில் மற்றத் தாவரவியலாளர்கள் எல்லாம் அட்டைக்கும் பாம்புக்கும் பயப்படுகிறார்கள், நாங்கள் எங்கள் கைப்பைக்கே பயப்படுகிறோம்.

கொம்பனித்தெரு நசீர் நானாவே ஓட்டிவரும் வான், டீசலோடு ஆறாயிரத்து ஐந்நூறு. காலை நாலரைக்கு வெள்ளவத்தையில் ஏறி, நுகேகொடை, அவிசாவளை வழியாக இரத்தினபுரி. ஆற்றோரக் காட்டில் வேலை முடித்து, பத்தரைக்குப் பிறகு களவானை. கொழும்பிலிருந்து எல்லாமாக நூற்றிருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பாதை நல்லது, கடைசி நாலு கிலோமீட்டர் மட்டும் இடுப்பை முறிக்கும்.

முகட்டில் ஏறியதும் சிவகரன் ஒரு மரத்தைக் கைகளால் அளந்து பார்த்தார். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள். குருத்துக் காலம் என்பதால் உச்சியெல்லாம் சிவப்பு. மரத்துக்கு ஓர் இலை, இலைக்கு ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் ஈரம் உறிஞ்சும் நீலக் குருணி, பைக்கு வெளியே மரத்தின் இலக்கம். எங்கள் துறையில் எல்லாரும் செய்கிற முறை இதுதான். ஒரு மரத்தைக்கூட விடவில்லை. வெட்டுவதை எங்களால் நிறுத்த முடியாது, இங்கே இப்படி மரங்கள் இருந்தன என்பதையாவது வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

திரும்பும் வழியில், கொழும்புக்குக் கிட்ட ஒரு சோதனைச் சாவடியில் வானை ஓரங்கட்டச் சொன்னார்கள். பெயர் தமிழ் என்று கண்டதும் எங்களை மட்டும் இறக்கினார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் வாய தொறக்க வாணாம், நான் பேசுறன்" என்றார் நசீர் நானா. அவரைப் பேச விடவில்லை.

சிவகரனின் ஐ.சி.யில் பிறந்த இடத்தைப் பார்த்த சிப்பாய் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எங்கள் விலாசம், அப்பாவின் பெயர், எத்தனை வருடமாகக் கொழும்பில் இருக்கிறோம் என்பதெல்லாம் கேட்டு எழுதினான். என் அப்பாவும் தாத்தாவும் கொழும்புத் துறைமுகத்தில் வேலைசெய்தவர்கள். ஆனாலும் "ஊர் எது?" என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டான். கொட்டாஞ்சேனை என்றால் அவனுக்குப் போதவில்லை.

பிறகு பைகள். நீலக் குருணி என்ன மருந்து என்று கேட்டான். இலையைக் காயவைக்கிற சாமான் என்றேன், கடிதத்தைக் காட்டினேன். படித்தான். படித்துவிட்டு, மேசையில் பேப்பர் விரித்து, முதல் பையைக் கவிழ்த்தான். பிறகு இரண்டாவது. ஆற்றோரத்து இலைகளும் முகட்டு இலைகளும் ஒரே குவியலாகக் கிடந்தன.

நான் வாயைத் திறந்தேன். சிவகரன் என் முழங்கையைப் பிடித்தார்.

"கதையாதேங்கோ அக்கா. என்ர ஐசி அவன்ர பொக்கற்றில கிடக்கு."

சிவகரனோடு அறையில் இருந்த ஒருவரை இதேபோலொரு சாவடியில் கூட்டிப்போய், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிய மூன்று கிழமை ஆனது. அதை நினைத்துக்கொண்டு, பைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்வதைப் பார்த்தபடி நின்றேன்.

கடைசிப் பையும் காலியானபின் ஓர் இலையைத் தூக்கிப் பார்த்தவனின் முகம் மாறியது.

"நா கொல நேத?" என்றான். நா இலைதானே என்கிறான். தன் ஊர்ப் பௌத்தப் பன்சலையிலும் இப்படி ஒரு மரம் நிற்கிறது என்று சிரித்தபடி சொன்னான். அதோடு நிற்கவில்லை. தன் கையாலேயே பைக்கு ஓர் இலையாக எடுத்து, குருணி போட்டு, வாயை ஒட்டி, வடிவாக அடுக்கித் தந்தான். எந்த இலை எந்தப் பைக்கு என்று அவனுக்கு என்ன கவலை? ஐ.சி.யையும் கொடுத்தான். "ஹரி அக்கே, யன்ன." சரி அக்கா, போங்கள். எங்களுக்குப் பெரிய உதவி செய்த நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. அடித்து உதைத்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

இனிப் போகிறவர்களுக்கு: உப்பும் சவர்க்காரமும் அட்டைக்கு நல்லது. மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள், பின்னேரம் மழை நிச்சயம். இலக்கத்தைப் பையில் மட்டும் எழுதாமல், அழியாத பேனையால் இலையிலும் எழுதுங்கள். "இதை முதலே செய்திருக்கலாமே" என்று கீழே யாராவது மறுமொழி எழுதப்போகிறீர்கள். எழுதாதீர்கள். மரம் பார்க்கப் போகிறவள், பையைக் கவிழ்த்துக் கொட்டுவார்கள் என்று எண்ணிப் புறப்பட வேண்டிய நாட்டில் அது என் பிழை இல்லை. ஆற்றோர மரங்களில் திரும்ப இலை எடுத்து, அவற்றோடு பொருந்தாதவை முகட்டு இலைகள் என்று கழித்துப் பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். நிலைமை சரிவரும்வரை நாங்கள் இரண்டு பேரும் காட்டுப் பக்கம் போகக் கூடாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள், எங்கள் நன்மைக்காம்.

முகட்டு மரங்கள் விழுந்துவிட்டன. காணிக்காரரே தொலைபேசியில் சொன்னார். இலைகளோ அருமையாகக் காய்ந்திருந்தன, டி.என்.ஏ. சுத்தமாக வந்தது. நேற்று சிவகரன் ஒவ்வொரு மாதிரியையும் கணினியில் பதிந்துகொண்டிருந்தார். பறித்த இடத்துக்குரிய கட்டத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதில என்ன போட, அக்கா?"

எவ்வளவு யோசித்தும் நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான் இருந்தது. "இலங்கை எண்டு போடுங்க" என்றேன். முதலாவது இலையிலிருந்து கடைசி இலைவரை அவர் அதையே அடித்துக்கொண்டு போனார்.